கோழிப் பேச்சு கூடாது

மருதூர் ஜமீன்தாரின் மகள் அல்லிக்கு வயது ஐந்து; கோழி என்றால் உயிர். அவளுக்கு வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்த வேலைக்காரி செங்கமலத்திடம் ஜமீன்தார் உறுமினார்: “இனி இங்கே கோழிப் பேச்சே கூடாது! நாளைக்கு இவள் கணக்குச் சொல்லணும். இல்லேன்னா நீ மூட்டையைக் கட்டு!”

மறுநாள் வந்தார். கவிச்சி தொடாத விரதம், கழுத்தில் மாலை. “ஏழும் ஐந்தும் எத்தனை?”

அல்லி திருதிருவென்று விழித்தாள்.

“கோழிப் பேச்சுதானே கூடாது எசமான்? முட்டைப் பேச்சு பேசலாமில்ல?” என்ற செங்கமலம் குனிந்தாள். “கண்ணு, இந்த வாரம் கறுப்பி இட்டது ஏழு, சிவப்பி இட்டது அஞ்சு. மொத்தம்?”

“பன்னண்டு! ஆனா கூடையில பத்துதான் இருக்கு. காலையில அப்பா ரெண்டைப் பச்சையாக் குடிச்சிட்டாங்க!”

ஜமீன்தார் அவசரமாக மீசையைத் துடைத்தார். கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியோ செங்கமலத்தின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “கூட்டலோட கழித்தலும் வந்துடுச்சே! நீ நல்லா இருக்கணும் தாயி. நாளைக்குக் கோழியை உள்ளேயே விட்டுப் பாடம் நடத்து!”