கம்பியில் சாயாத காண்ட்ராக்டர்

உப்புக்காற்றுக்கு இரும்பு என்றால் கொள்ளை ஆசை. மீன்பிடித் துறைமுகப் பாலத்தின் கைப்பிடிக் கம்பிகளை அது பாதி தின்றுவிட்டிருந்தது. போன வருஷம் கம்பி ஒடிந்து ஓர் ஆள் கடலில் விழுந்து செத்தும் போனான்.

துருவைச் சுரண்டி, ரெட் ஆக்சைடு அடித்து, அதன் பிறகுதான் பெயின்ட் பூச வேண்டும். காண்ட்ராக்டர் ஞானதுரையோ துருவின் மேலேயே பெயின்டை அப்பச் சொன்னார்.

"இன்ஜினியர் கேட்டா, சுரண்டித்தான் அடிச்சோம்னு சொல்லணும். மாத்திச் சொன்னே, இந்த ஊர்ல உனக்கு எங்கேயும் வேலை கிடையாது" என்று பெயின்ட் அடிக்கும் லூர்தம்மாளை மிரட்டியும் வைத்தார்.

மறுநாள் இன்ஜினியர் வந்தபோது பாலம் பளபளத்தது.

"இருபது வருஷம் தாங்கும் சார்" என்றார் ஞானதுரை.

இன்ஜினியர் லூர்தம்மாளைப் பார்த்தார். "நீ என்னம்மா சொல்றே?"

"முதலாளி சொன்னா சரியாத்தான் இருக்கும் ஐயா. அவரை அந்தக் கம்பியில சாய்ஞ்சு நிக்கச் சொல்லி ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு, கையெழுத்துப் போடுங்க."

இன்ஜினியர் செல்போனை எடுத்தார். ஞானதுரை பாலத்தின் நடுவை விட்டு நகரவில்லை.

"சாயுங்க" என்றார் இன்ஜினியர்.

ஞானதுரை வியர்வையைத் துடைத்தாரே தவிர, கால் எழவில்லை. இன்ஜினியர் பேனாவை மூடிப் பைக்குள் வைத்தார்.

லூர்தம்மாள் கீழே தண்ணீரைப் பார்த்தாள்.

"போன வருஷமும் இப்படித்தான் பளபளன்னு இருந்துச்சு ஐயா. என் வீட்டுக்காரர் அதை நம்பிச் சாய்ஞ்சாரு."