மூன்று தலை வெண்கல அன்னம்

இந்தக் கதையில் ஒரு சிரிப்பு இருக்கிறது. சாதாரணச் சிரிப்பு இல்லை. கோட்டை மதிலில் குந்தியிருந்த காக்கையெல்லாம் பதறிப் பறந்த சிரிப்பு. ஆனால் இப்போது கிடைக்காது. முந்தானையில் முடிந்து வைத்தாயிற்று. "அவிழ், அவிழ்" என்று யாரும் நச்சரிக்கக் கூடாது. முதலில் எல்லோரும் கொஞ்சம் அரண்டு போக வேண்டும். அப்புறம்தான் முடிச்சு அவிழும்.

ஆறுகள் வாய் திறந்து மீனோடு பேசிக்கொண்டிருந்த காலத்தில் ஏரிமங்கலம் என்று ஒரு நாடு. அதற்கு நெடுமுடிராயன் என்று ஒரு ராஜா. நல்லவர்தான், ஆனால் பயந்தவர். என்றைக்கோ அவர் சொன்ன தீர்ப்பு ஒன்று தப்பாகி, திருடாத ஒருவன் நாடு கடத்தப்பட்டான். அன்று முதல் "இது சரியா, தப்பா?" என்று யாராவது கேட்டால் போதும், ராஜாவுக்கு உள்ளங்கை வேர்த்து நாக்கு மேலே ஒட்டிக்கொள்ளும்.

அந்த நேரம் பார்த்து வந்து சேர்ந்தான் மந்திரவாதி கொக்கிமூக்கன். அவன் கையில் ஒரு வெண்கல அன்னம். அதற்கு மூன்று தலை.

"மன்னாதி மன்னா! பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் கேள்விப்பட்டிருப்பீர்கள். இது நல்லதையும் கெட்டதையும் பிரிக்கும். வழக்கு வந்தால் இதைக் கேளுங்கள். எந்தத் தலை முதலில் வாய் திறக்கிறதோ, அதன் சொல்லே தீர்ப்பு. ஒரே ஒரு விதி. தீர்ப்பு முடியும் வரை அன்னத்தை யாரும் நெருங்கக் கூடாது. நான் உள்பட."

"விலை?" என்றார் ராஜா.

"சும்மா!" என்றான் கொக்கிமூக்கன்.

சும்மா கிடைக்கிறது என்றால் ஓட வேண்டாமா? ராஜா ஓடவில்லை. வாங்கி மேடையில் வைத்தார்.

முதல் வழக்கு வந்தது. முனியன் என்பவனிடம் ஒரே ஒரு மாடு. பக்கத்துத் தெருக்காரர்கள் பத்துப் பேர் அதை ஓட்டிப் போய்ப் பாலைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். "அன்னமே அன்னமே, சரியா, தப்பா?" என்று ராஜா கேட்டார். முதல் தலை சந்தைத் தரகன் குரலில் கீச்சிட்டது.

"வந்தது என்ன, போனது என்ன, கூட்டிக் கழிச்சுப் பாரு! பத்துப் பேர் சிரிப்பு, ஒருத்தன் அழுகை. சிரிப்பே ஜாஸ்தி. சரிதான்!"

சபை வாயைப் பிளந்தது. ஈ ஒன்று உள்ளே போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே வந்தது.

இரண்டாவது வழக்கு. கொலைகாரன் ஒருவன் கத்தியோடு வந்து, "அவன் எங்கே ஒளிந்தான்?" என்று ஒரு பெண்ணைக் கேட்டான். வைக்கோல் போருக்குள் ஒளிந்தவனைக் காட்டாமல், "கிழக்கே ஓடினான்" என்று கைநீட்டிவிட்டாள் அவள். இரண்டாவது தலை இடி மாதிரி உறுமியது.

"விதி என்றால் விதி! பொய் சொல்லக் கூடாது என்பது விதி. எவன் செத்தால் என்ன, எவன் பிழைத்தால் என்ன? தப்பு! அவளுக்குப் பத்துச் சவுக்கடி!"

சபை வாயைப் பிளந்தது. ஈ உள்ளே போய் வெளியே வந்தது.

மூன்றாவது வழக்கு. பக்கத்து வீட்டுக் கூரையில் தேள் ஏறியது என்று ஒருவன் உதவி செய்யப் போனான். தீப்பந்தத்தோடு போனான். கூரையும் போச்சு, வீடும் போச்சு, தேள் மட்டும் தப்பியது. மூன்றாவது தலை வெண்ணெய் உருகுகிற மாதிரி குழைந்தது.

"மனசைப் பாரு கண்ணு, மனசைப் பாரு. அவன் மனசு தங்கம். மனசு நல்லதா இருந்தா எல்லாம் நல்லதுதான். விட்டுடு கண்ணு!"

வீடு எரிந்தவன் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டான். சபை வாயைப் பிளந்தது. ஈக்கு இப்போது வழி பழகிவிட்டது.

சிரிப்பா? பொறுங்கள். இன்னும் அரண்டு முடியவில்லை.

ஒவ்வொரு தீர்ப்புக்கும் ஒரு சத்தம் கேட்கும். 'ணங்'. ராஜாவுக்கு மட்டும் கேட்கும். முதல் தீர்ப்பில் இடது சுண்டுவிரல் வெண்கலம் ஆனது. பிறகு கை, பிறகு முழங்கை, பிறகு தோள். பட்டுச் சால்வையைப் போர்த்தி மறைத்துக்கொண்டார். மேடைக்குப் பக்கத்தில் கொக்கிமூக்கன் நாளை எண்ணிக்கொண்டு நின்றான். ராஜாவின் நெஞ்சு வெண்கலமான அன்றைக்கு நாடு அவனுக்கு. அதுதான் 'சும்மா'வின் விலை.

வெண்கலம் விலா எலும்புக்கு வந்து நின்றபோது மடைக்காரி சடைச்சியின் வழக்கு வந்தது.

பெரிய ஏரியின் மடையைத் திறந்து மூடுகிற வேலை சடைச்சிக்கு. மடை திறக்குமுன் மூன்று முறை கொம்பு ஊத வேண்டும் என்பது ஊர் வழக்கம். முதல் கொம்புக்கு மூட்டை கட்டு, இரண்டாம் கொம்புக்கு மாட்டை அவிழ், மூன்றாம் கொம்புக்கு ஓடு. அடைமழையில் ஏரி ததும்பிய அன்று சடைச்சி ஒரே ஒரு முறைதான் ஊதினாள். ஊதியவுடன் மடையைத் திறந்துவிட்டாள். ஏரிக்கரை நின்றது, ஊர் பிழைத்தது. ஆனால் வாய்க்காலுக்குள் வாத்து மேய்த்துக்கொண்டிருந்த கோலப்பன் இரண்டாம் கொம்பு வரட்டும் என்று காத்திருந்தான். கொம்பு வரவில்லை, தண்ணீர்தான் வந்தது. அவன் வாத்துக் கூட்டம் மொத்தமும் போய், அவன் மட்டும் ஒரு பனைமரத்தைக் கட்டிப் பிடித்துத் தப்பினான்.

மூன்று கொம்பும் ஊதாமல் திறந்தவரை அதே மடைச் சுழலில் தள்ள வேண்டும் என்பது சட்டம்.

விசாரணைக்கு முந்தின நாள் சடைச்சியின் மகள் அரண்மனைக்கு வந்தாள். பேர் பொன்னரளி. பூ அழகு, பால் விஷம், பெண்ணும் அப்படித்தான். அமைச்சர் ராஜாவின் காதில், "மன்னா, ஜாக்கிரதை! போன மாதம் அடுக்களை வாசலில் நின்று, தலைமைச் சமையல்காரர் குரலில் 'பாயசத்தை நாய்க்கு ஊற்றுங்கடா' என்று கத்தியவள் இவள்தான். ஊற்றியும்விட்டார்கள்" என்றார்.

"ராசா, எங்கம்மாவை என்ன செய்யப் போறீங்க?"

"அன்னம் சொல்லும்."

"அன்னம் சொல்றது இருக்கட்டும். நீங்க என்ன சொல்றீங்க?"

ராஜாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனையோ வருஷமாக அவரை யாரும் கேட்காத கேள்வி. பதறி எழுந்ததில் சால்வை நழுவி, இடது கை சிம்மாசனத்தில் இடித்தது. ணங்!

பொன்னரளி அந்தக் கையைப் பார்த்தாள், அன்னத்தைப் பார்த்தாள், ஓரமாக நின்று மூக்கைச் சொறிந்த கொக்கிமூக்கனையும் பார்த்தாள். கும்பிட்டுவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை ராஜா தளபதியோடு உட்கார்ந்திருந்தார். தளபதிக்குப் பல்வலி, தாடையைச் சுற்றித் துணி கட்டி, வாய் திறக்க முடியாமல் "ம்ம், ம்ம்" என்று முனகிக்கொண்டிருந்தார். அப்போது வெளியே தளபதியின் குரல் முழங்கியது. "டேய் காவல்காரனுங்களா! பட்டத்து யானை குளத்துல வழுக்கி விழுந்திடுச்சு, ஓடுங்கடா!" சபை மண்டபத்துப் பக்கமிருந்து தடதடவென்று காவலர்கள் ஓடும் சத்தம்.

ராஜா தளபதியைப் பார்த்தார், தளபதி ராஜாவைப் பார்த்தார். "ம்ம்?" என்றார் தளபதி. 'என்ன விசித்திரம்' என்று நினைத்தார் ராஜா. நினைத்து, மறந்தும் போனார். வழக்கு நாளில் அவருக்கு எதுவும் மனதில் நிற்காது.

சபை கூடியது. ஏனோ சபை முழுக்கப் பலாப்பழ வாசனை. சடைச்சியைக் கைகட்டிக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். கோலப்பன் எதிரே நின்றான். ராஜாவுக்கு உள்ளங்கை வேர்த்தது, ஒரு கையில் மட்டும். இன்னொரு ணங், அது நெஞ்சில் விழும் என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும், பழக்கம் விடவில்லை.

"அன்னமே அன்னமே... சரியா, தப்பா?"

முதல் தலையின் தரகுக் குரல் கீச்சிட்டது. "வந்தது என்ன, போனது என்ன, கூட்டிக் கழிச்சுப் பாரு! ஊர் பிழைச்சது இந்தப் பக்கம். வாத்து போனது அந்தப் பக்கம். வாத்துக்காரனுக்கு வாத்துதானே ஊரு? அடச்சே, கணக்கு இடிக்குது. எனக்குத் தெரியலை ராசா. நீயே சொல்லு!"

சபை வாயைப் பிளந்தது.

இரண்டாவது தலை உறுமியது. "விதி என்றால் விதி! மூன்று கொம்பு ஊத வேண்டும் என்பது விதி. ஊரைக் காக்க வேண்டும் என்பதும் மடைக்காரிக்கு விதி. இது இந்தக் காதைத் திருகுகிறது, அது அந்தக் காதைத் திருகுகிறது. ஐயோ வலிக்கிறதே! நீயே சொல்!"

மூன்றாவது குழைந்தது. "மனசைப் பாரு கண்ணு. நானும் பார்த்தேன். அவ மனசுல பயமும் இருக்கு, பாசமும் இருக்கு, எது எவ்வளவுன்னு அவளுக்கே தெரியாது. எனக்கு எப்படித் தெரியும்? நீயே சொல்லு கண்ணு!"

வாயைப் பிளந்த சபை மூட மறந்தது. கொக்கிமூக்கனுக்கு முகம் சுண்ணாம்பானது. "அன்னத்துக்கு என்னமோ ஆகிவிட்டது! நான் கிட்டே போய்..." என்று பாய்ந்தான்.

"நில்!" என்றார் ராஜா. "தீர்ப்பு முடியும் வரை யாரும் நெருங்கக் கூடாது. நீ உள்பட. நீ போட்ட விதிதானே?"

கொக்கிமூக்கன் ஒற்றைக் காலில் நின்றான்.

இனி ராஜாவுக்கு ஒளிந்துகொள்ள இடமில்லை. சிம்மாசனத்தை விட்டு எழுந்து, தள்ளாடி, படி இறங்கி வந்தார். சடைச்சிக்கு எதிரே நின்றார்.

"ஏன் ஒரே ஒரு முறை ஊதினாய்?"

"ரெண்டாவதுக்கு மூச்சு இழுத்தேன் ராசா. காலுக்குக் கீழே கரை விரிஞ்சுது. கொம்பைப் போட்டுட்டு மடைப் பலகையைப் பிடிச்சுத் தூக்கினேன்."

"கோலப்பன் வாய்க்காலில் இருப்பான் என்று தெரியாதா?"

சபை மூச்சைப் பிடித்தது. 'தெரியாது' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், பிழைத்தாள்.

"தெரியும் ராசா" என்றாள் சடைச்சி. "தெரிஞ்சேதான் திறந்தேன்."

"ஐயோ, அம்மா!" என்றது அன்னம்.

ராஜா திரும்பிப் பார்த்தார். மூன்று தலையும் அசையாமல் இருந்தன. இரண்டாவது தலை அவசரமாக, "க்ஹ்ம். விதி என்றால் விதி" என்று தொண்டையைச் செருமியது.

ராஜா கோலப்பனிடம் போனார். அன்னத்தின் தலைகள் ஒருநாளும் இந்தப் பக்கம் திரும்பியதில்லை. "உனக்கு என்ன வேண்டும்?"

கோலப்பன் திகைத்தான். "என்னையா கேக்குறீங்க? இவளைச் சுழல்ல தள்ளினா என் வாத்து மிதந்து வருமா ராசா? அதெல்லாம் வேணாம். எனக்கு ஒண்ணுதான். தண்ணி வடிஞ்சு இத்தனை நாளாச்சே, இவ ஏன் என் வாசலுக்கு வரலை?"

"வந்தேன்" என்றாள் சடைச்சி. "உன் வேலிக்கு வெளியே நின்னேன். காலிப் பட்டியைப் பார்த்தேன். கூப்பிட வாய் வரலைண்ணே."

ராஜாவுக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. "கரை ஏன் விரிந்தது?" என்று கேட்டார். கேட்கும்போதே பதில் தெரிந்துவிட்டது. மழைக்கு முன்னால் கரையை அடைக்கச் சொல்லி இதே சடைச்சி இதே சபையில் வந்து நின்றாள். "செலவு ஜாஸ்தி, லாபம் கம்மி" என்று கீச்சிட்டது முதல் தலை. "சரி" என்று தலையாட்டியவர் யார்?

"கேளுங்கள்" என்றார் ராஜா. குரல் நடுங்கியது, ஆனால் அவருடைய குரல். "சடைச்சி மடையைத் திறந்தது சரி. திறக்காவிட்டால் இந்தச் சபையே இல்லை. ஆனால் கோலப்பன் வழக்கத்தை நம்பி நின்றான். நம்பினவன் நஷ்டம் அவன் ஒருவன் தலையில் விழுவது தப்பு. பிழைத்த வீடெல்லாம் வீட்டுக்கு ஒரு வாத்துக் குஞ்சு கொடுக்க வேண்டும். சடைச்சி அவற்றைக் கூடையில் சுமந்து போய், வேலிக்கு வெளியே நிற்காமல், வாசலில் நின்று கூப்பிட வேண்டும். இனிமேல் முதல் கொம்புக்கே ஓடலாம். கரையை அடைக்காத குற்றம் என்னுடையது. கரையை நான் கட்டுகிறேன், முதல் மண் கூடை என் தலையில். முன்பு நான் நாடு கடத்திய மனிதனையும் தேடிப் போய்க் கூட்டி வருவேன்."

சத்தம் கேட்டது. ணங் இல்லை. 'டப், டப், டப்.' ராஜாவின் நெஞ்சுதான். விலாவில் சூடு, தோளில் சூடு, முழங்கையில் சூடு. கடைசியில் சுண்டுவிரல் சுளீர் என்று வலித்தது. அப்படி ஓர் இனிப்பான வலியை அவர் கண்டதே இல்லை.

உருகிய வெண்கலம் சும்மா போகுமா? அதற்கும் ஓர் இடம் வேண்டுமே! ஒற்றைக் காலில் நின்றிருந்தானே கொக்கிமூக்கன், அவன் காலில் ஏறியது. ணங், ணங், ணங்! மூக்கு நுனி வரை ஏறி, மந்திரவாதி நின்ற இடத்தில் ஒரு வெண்கலக் கொக்கு நின்றது. இப்போதும் அது ஏரிமங்கலத்து மடையில்தான் நிற்கிறதாம். மூக்கு வாட்டமாக இருப்பதால் ஊர்க்காரர்கள் ஈரத் துணி காயப் போடுகிறார்களாம்.

சடைச்சியின் கட்டை அவிழ்த்தார்கள். சபை ஆர்ப்பரித்தது. ராஜா புதுக் கையைத் தடவிக்கொண்டு, பழக்க தோஷத்தில், அன்னத்திடம் போனார்.

"அன்னமே அன்னமே, என் தீர்ப்பு சரியா, தப்பா?"

"திரும்பவும் எங்களையா கேக்குறே? போ கண்ணு!" என்றது மூன்றாவது தலை.

ராஜா இன்னும் நெருங்கினார். முதல் தலையின் அலகில் ஏதோ கறுப்பாகத் துடித்தது. ஈ! அதே ஈ. எத்தனை வாய்க்குள் போய் வந்த ஈ, இங்கே மாட்டிக்கொண்டு சிறகடித்தது. ராஜா விரலால் தொட்டார். விரல் ஒட்டிக்கொண்டது. பிசின். குருவி பிடிக்கிற பலாப்பிசின். மூன்று அலகிலும் அப்பி, இறுகிக் கிடந்தது. காலையிலிருந்து இந்த அலகுகள் திறக்கவே இல்லை.

பலாப்பழ வாசனை. பல்வலித் தளபதியின் முழக்கம். 'ஐயோ, அம்மா' என்ற அன்னம்.

ராஜா மெல்லக் குனிந்து மேடைக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அங்கே முழங்காலைக் கட்டிக்கொண்டு, பிசின் ஒட்டிய விரல்களோடு, பொன்னரளி உட்கார்ந்திருந்தாள். ராஜாவைப் பார்த்ததும், ராஜாவின் குரலிலேயே, அதே நடுக்கத்தோடு கேட்டாள்:

"அன்னமே அன்னமே... சரியா, தப்பா?"

ராஜா வாயைப் பிளந்தார். உள்ளே போக ஈ இல்லை. அதனால் வெளியே வந்தது, இத்தனை நேரம் முடிந்து வைத்திருந்தது. முதலில் வயிற்றில் குலுங்கியது, பிறகு தோளில் குலுங்கியது, பிறகு கிரீடமே கழன்று உருண்டது. கோட்டை மதிலில் இருந்த காக்கையெல்லாம் பதறிப் பறந்தன.