வெள்ளிக்கிழமை ஆட்டுக்கறி

பிரான்சின் எல்லையோர ஊர் ஒன்றை ஸ்பானியப் படை பிடித்துக்கொண்டது. மதத்தின் பேரால் பல வருடங்கள் தங்களுக்குள் வெட்டிக்கொண்ட கத்தோலிக்கரும், புராட்டஸ்டண்டுகளான சீர்திருத்தச் சபையாரும், கடைசி நேரத்தில் புத்தி வந்து ஒரே மதில்மேல் நின்று சண்டை போட்டார்கள். தோற்றார்கள். காயம்பட்டவர்கள் எல்லோரும் மடத்துக் கூடத்தில் கலந்து கிடந்தார்கள்.

மடத்தின் தலைவர் கில்பேர். சீடன் ரெமி, குருவைவிட வயதில் மூத்தவன். படைவீரனாக இருந்தவன். தம்பியைச் சீர்திருத்தச் சபையார் கொன்ற பிறகு துறவுக்கு வந்தான். வாளை விட்டானே தவிர, கோபத்தை விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை, ஸ்பானியத் தளபதி ஓர் அண்டா நிறைய ஆட்டுக்கறியோடு கூடத்துக்குள் வந்தான்.

"இன்று சுத்தபோசன நாள், இறைச்சி கூடாது. உண்மையான கத்தோலிக்கன் செத்தாலும் கறியைத் தொடமாட்டான். தொடுகிறவன் பதிதன், வேதத் துரோகி. அவனுக்குத் தூக்கு. மற்றவர்கள் வீட்டுக்குப் போகலாம்."

சீர்திருத்தச் சபையார் பிடிவாதக்காரர்கள். உயிருக்குப் பயந்து கறியை ஒதுக்கினால், தங்கள் சபையையே மறுதலித்ததாக நினைப்பார்கள். அது தளபதிக்கும் தெரியும்.

அந்தச் சபையைச் சேர்ந்த, கால் இழந்த நெசவாளி ஒருவன் கறித் தட்டுக்குக் கை நீட்டினான். கில்பேர் அதை வாங்கி, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தார்.

"சாமியாரே, இன்று வெள்ளிக்கிழமை!" என்றான் தளபதி.

"தெரியும்."

"நீரும் பதிதனா?"

"பசிக்கிறது. இவர்களுக்கும் போடச் சொல்லுங்கள்."

கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்த மாவுமில்காரன் எழுந்து உட்கார்ந்தான். "எனக்கும் ஒரு தட்டு," என்றான். பிறகு கூடமே கை நீட்டியது.

தளபதிக்கு முகம் சிவந்துவிட்டது. ரெமியிடம் வந்தான்.

"நீ இந்த ஊர்க்காரன். உன் கதையை விசாரித்துவிட்டேன். உன் தம்பியைக் கொன்ற கூட்டம் எது என்று உனக்குத் தெரியும். ஒவ்வொருவனாகக் காட்டு."

ரெமிக்கு எல்லோரையும் தெரியும். குருவைப் பார்த்தான்.

"சாமி, நான் பொய்கூடச் சொல்லவேண்டாம். விரலை நீட்டினால் போதும், என் தம்பிக்கு நியாயம் கிடைக்கும். நீங்கள் ஏன் நோன்பை முறித்தீர்கள்?"

கில்பேர் மென்று விழுங்கினார்.

"நோன்பு என் வயிற்றுக்காக நான் எடுத்தது, ரெமி. அதைத் திரித்து இவர்கள் கழுத்துக்குக் கயிறாக்க விடமாட்டேன்."

தன் தட்டை ரெமியிடம் நீட்டினார்.

ரெமி வெகுநேரம் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு அதைக் கையில் வாங்கினான். தளபதி பொறுமை இழந்து அவன் அங்கியைப் பிடித்து உலுக்கினான்.

"யார் யார்? வாயைத் திறந்து சொல்லடா!"

ரெமி வாயைத் திறந்தான். அவன் வாய் நிறையக் கறி இருந்தது.