காலியான அட்மின் பக்கம்

கோத்தகிரியில் ஒரு குழந்தைகள் காப்பகம். பிள்ளைகள் கேட்பதெல்லாம் செயலாளர் சிங்காரவேலுவின் கணினியில் உள்ள அட்மின் பக்கத்தில் வந்து குவியும். மனுஷர் ஒன்றுக்கும் பதில் சொல்ல மாட்டார்.

"நாளைக்கு நம்ம காப்பகத் தலைவியம்மா பார்வையிட வர்றாங்க. ஒரே பட்டன்ல எல்லாம் காலியாகணும். இல்லன்னா வேலைக்கு வராதே," என்று, அந்தப் பக்கத்தை வடிவமைக்கும் ரோஸ்லினை விரட்டினார்.

"ஆகட்டும் சார்," என்றவள், கர்த்தரை நினைத்து வேலையில் உட்கார்ந்தாள்.

மறுநாள் தலைவியம்மா எதிரே அவர் மிடுக்காகப் பட்டனைத் தட்டினார். பக்கம் காலி. ஆனால் பிள்ளைகள் கூடியிருந்த கூடத்துத் திரையில், "கேட்டதெல்லாம் தருகிறேன், கண்ணுகளா. இப்படிக்கு, செயலாளர்" என்று வந்துவிட்டது!

"என்னம்மா இது?" ரோஸ்லினைப் பார்த்துப் பல்லைக் கடித்தார்.

"கொடுத்தாத்தானே சார் காலியாகும்?"

அதற்குள் குட்டி மீனலோசனி ஓடிவந்து அவர் காலைக் கட்டிக்கொண்டாள். "நிஜமாவா தாத்தா? எனக்கு ஸ்வெட்டரா?"

அவர் குனிந்து அவளைத் தூக்கினார். பிள்ளையின் கை சில்லிட்டிருந்தது.

"ஆமாடி தங்கம். உனக்குத்தான் முதல்ல."