கேட்காமல் ஒரு புள்ளி வைக்காதே

திருப்பூரில் பனியன் கிடங்கு மாடியில், நாலு பேர் ஒரே மேசையில் நிரல் எழுதிய நல்ல காலம் அது. நிரல் எழுதித்தரும் ஏஐக்குப் பொதுவான விதிகளை எல்லாரும் சேர்ந்து எழுதலாம் என்றாள் புதிதாகச் சேர்ந்த செண்பகவல்லி.

“நான் சொல்றதுதான் விதி. என்னைக் கேட்காம அது ஒரு புள்ளிகூட வைக்கக் கூடாது. மீறினா உனக்கு வேலையில்ல,” என்றார் மேலாளர் குணசீலன்.

“சரிங்க சார்.” அப்படியே எழுதி வைத்தாள்.

மறுநாள் தன் மச்சினன் கல்யாணப் பந்தியில் குணசீலன் உட்கார்ந்ததும், புள்ளி வைக்கட்டுமா, வரியைத் தள்ளட்டுமா என்று அந்த ஏஐ அவர் கைபேசியில் ஓயாமல் கேட்டது. பாயசம் ஆறிப்போனது. சம்பந்தி வீட்டார் சிரித்தார்கள்.

“அம்மிணி, அந்த விதியை எடுத்துத் தொலை!” என்று போனில் கத்தினார்.

“எடுக்கச் சொல்லிட்டேனுங்க சார். எடுக்கட்டுமான்னு அது உங்களைத்தான் கேட்குதுங்க.”

திங்கட்கிழமை அவரே நாற்காலியை இழுத்துப்போட்டு, “சொல்லு அம்மிணி, என்ன எழுதலாம்?” என்றார். அந்தக் குரலை நினைத்தால் செண்பகவல்லிக்கு இன்றும் சிரிப்பு வரும்.