கால் குட்டையான மேஜை

ஒரு ஊர்ல ஒரு அடுக்குமாடி. அதுல மூணாவது மாடியில பொற்கொடி, பொற்கொடின்னு ஒருத்தி. அவளுக்குப் புருசன் சிங்காரம் இருந்தான், ஆதவன்னு ஒரு பையன் இருந்தான், எல்லாம் இருந்தது. ஆனா வயிறு மட்டும் எரிஞ்சிட்டே இருந்தது. ஏன்னு கேக்க மாட்டியா? ம். எதுத்த வீட்டு ஜெசிந்தா மேல பொறாமை.

ராத்திரி சாப்பாட்டு நேரம் வந்தா ஜெசிந்தா வீட்டு மேஜையில "கெக்கெக்கே"ன்னு ஒரே சிரிப்பு. இவ வீட்ல? சிங்காரம் தட்டைத் தூக்கிட்டு டிவி முன்னாடி போயிடுவான். ஆதவன் ரூமுக்குள்ள போயி டப்புனு கதவைச் சாத்திப்பான். இவ ரெண்டு பேருக்கும் போட்டுட்டு, கடைசியா அடுப்படியில நின்னுக்கிட்டே நாலு வாய் அள்ளிப் போட்டுப்பா. எப்பவும் அப்படித்தான்.

"அவ மேஜையில மட்டும் அப்படி என்ன இருக்கு?"ன்னு போன்ல தேடினா. சீன நாட்டு வாஸ்துவாம், ஃபெங் சுயின்னு பேராம். மேஜையை வட்டமாப் போட்டா குடும்பம் ஒட்டிக்கும்னு வீடியோவுல ஒரு அம்மா சொன்னா. அப்புறம் என்ன, பழைய மேஜை போச்சு, வட்ட மேஜை கடகடன்னு மாடியேறி வந்தது. யாரும் உக்காரல. அதுல சிங்காரம் ஹெல்மெட்டை வெச்சான்.

அப்போ அந்தம்மா, மேஜைக்கு எதிர்ல கண்ணாடி மாட்டு, நல்லதெல்லாம் ரெண்டாத் தெரியும்னா. மாட்டினா. திறந்த கதவு வழியா எதுத்த வீடு அப்படியே கண்ணாடியில விழுந்தது. அதுவரைக்கும் ஒரு ஜெசிந்தாதான் சிரிச்சா, இப்ப ரெண்டு ஜெசிந்தா. பாவம், பொற்கொடிக்குச் சோறே எறங்கல.

அப்புறம் நடுவுல கிண்ணம் நிறைய ஆரஞ்சுப் பழம் வைன்னா. வெச்சா. ஆதவன் கிண்ணத்தோட தூக்கிட்டுப் போயிட்டான். டப்.

ம்... முழிச்சிருக்கியா? கேளு.

அப்போ அவளுக்குப் பொறுக்கல. கறிவேப்பிலை கேக்குற சாக்குல, சாப்பாட்டு நேரம் பாத்து எதுத்த வீட்டுக்குள்ள நுழைஞ்சா. உள்ள போனா, ஓட்டை மேஜை. குளியலறைக் கதவுக்குப் பக்கத்துலயே போட்டிருக்கு. கண்ணாடியும் இல்ல, பழமும் இல்ல. மேஜைக்கு ஒரு கால் குட்டை, டடக் டடக்குனு ஆடுது.

"ஒரு கை குடுங்கக்கா. ஒருத்தர் எந்திரிச்சாலும் குழம்பு ஓடிடும்"னா ஜெசிந்தா. அவ புருசன் ஒரு பக்கம், பொண்ணு ஒரு பக்கம் முட்டியால முட்டுக் குடுத்துக்கிட்டு, கெக்கெக்கே.

வேற யாராவது இருந்தா தெளிஞ்சிருப்பாங்க. இவளுக்கு அந்த ஆட்டத்து மேலயும் பொறாமை. அவளுக்கு மட்டும் அது எதுக்குன்னு மறுநாள் மத்தியானம் ரம்பத்தை எடுத்தா. கர்ரக், கர்ரக்... புது மேஜையோட ஒரு காலைக் குட்டையா அறுத்தே போட்டா.

ராத்திரி ரசப் பாத்திரத்தைக் கொண்டுவந்து வெச்சா. டடக்! பாத்திரம் சர்ர்ருனு ஓடுது. இவ கத்தின கத்துல சிங்காரம் டிவியை விட்டு ஓடி வந்து ஒரு பக்கம் புடிச்சான். ஆதவன் வந்து ஒரு பக்கம் புடிச்சான். அப்பவும் மூணாவது பக்கம் சாயுது.

"நீயும் உக்காரு பொற்கொடி, இல்லேன்னா கவுந்துடும்"னான் சிங்காரம்.

உக்காந்தா. அந்த வீட்ல அவ சாப்பிட உக்காந்தது அன்னிக்குத்தான்.

ஆதவன் அவளையே பாத்தான். "அம்மா, நீ சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல"ன்னான்.

அவளுக்கு அழுகை முட்டிக்கிட்டு வந்தது. அதுக்குள்ள மேஜை டடக்குனு ஆடி, ரசம் சிங்காரம் மடியில. கெக்கெக்கேன்னு மூணு பேரும் சிரிச்ச சிரிப்புல மாடியே அதிர்ந்தது.

சத்தம் கேட்டு ஜெசிந்தா எட்டிப் பாத்தா. பாத்தவ மூஞ்சி சுருங்கிடுச்சு. "உங்க மேஜை எங்களோடத விட நல்லா ஆடுதேக்கா"ன்னா.

பொற்கொடி வயிறு அன்னிக்குத்தான் குளிர்ந்தது.

கதை சாப்பிட்டு எந்திரிச்சுக் கை கழுவிடுச்சு. நீ கண்ணை மூடு.