ஒத்துப்போன ரிப்போர்ட்

"கோவர்த்தனனுக்கு மட்டும் ரெண்டு ரிப்போர்ட்டும் ஒத்துப்போகுதுங்க டீச்சர். எனக்கு மட்டும் ஏன் அடிச்சுக்குது?"

கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார் தெய்வசிகாமணி. பீளமேட்டில் பம்பு செய்கிறவர். வயது ஐம்பத்திரண்டு.

சுகந்தி டீச்சர் அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். பாலிடெக்னிக் வேலையை விட்டுவிட்டுப் பம்பு சோதனைக்கூடம் நடத்துகிறார். எந்தப் பம்பு மக்கர் செய்தாலும் அவரிடம்தான் ஓடி வருவார்கள்.

"குடிநீர்த் திட்டத்துல அறுபது பம்பு அவனுக்குன்னு ஆயிப்போச்சுங்க. ரிப்போர்ட் ஒத்துவந்தா மீதி இருபது எனக்காம். அவன் தின்னு மிச்சம் வச்சது."

"டிசைன் யாருது?"

"ரெண்டு பேருதும் ஒண்ணுதான். கூட்டாளியா இருந்தப்பச் சேர்ந்து வரைஞ்சது."

இரும்பை ஊற்றுவதற்கு முன்பே பம்பைக் கம்ப்யூட்டருக்குள் ஓட்டிப் பார்த்துவிடுகிற காலம் இது. ஒரு சாஃப்ட்வேர் சொன்னதை வேறொரு கம்பெனியின் சாஃப்ட்வேர் சரிபார்க்க வேண்டும். போன வருஷம் அந்த சாஃப்ட்வேர் கம்பெனிகளில் பெரியது சின்னதை வாங்கிவிட்டது. கோவர்த்தனன் உடனே புதுப் பதிப்புகளுக்கு மாறிக்கொண்டார். தெய்வசிகாமணியிடம் சின்னக் கம்பெனியின் பழைய பதிப்பே கிடந்தது.

"பெரிய கம்பெனியோடது, நல்லா ஓடும்ங்குது. பழசு, ஆறு மாசத்துல உள்ள சுத்தற இம்பெல்லர் அரிச்சுப்போகும்ங்குது. நாளைக்குக் காலையில ஊத்தணுமுங்க."

சட்டைப்பையிலிருந்து புதுப் பதிப்புக்கான ஒப்பந்தத்தை எடுத்தார்.

"இதுல கையெழுத்துப் போட்டா எனக்கும் புதுசு வந்துரும். அந்தப் பழசைத் தூக்கிக் கடாசிட்டு, அவன் மூஞ்சிக்கு நேரா நிப்பேன்."

டீச்சர் மேஜைமேல் இருந்த ஷாஃப்டை வெர்னியர் அளவுகோலால் அளந்தார்.

"இருபத்தஞ்சு புள்ளி நாலு. நீங்களும் பாருங்க."

அவரும் அதே வெர்னியரை வாங்கி அளந்தார்.

"இருபத்தஞ்சு புள்ளி நாலு."

"ஒத்துப்போச்சா?"

"அச்சு அசலா."

டீச்சர் ஷாஃப்டை எடுத்துவிட்டு வெர்னியரின் வாயை மூடினார். பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் புள்ளி நாலு காட்டியது.

தெய்வசிகாமணி அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒப்பந்தத்தைப் பார்த்தார்.

"புதுசுல... மேல பேரு ரெண்டுங்க. உள்ள கணக்குப் போடறது ஒண்ணுதான்."

டீச்சர் வெர்னியரை மேஜைமேல் வைத்தார்.

அவர் பட்டறைக்குப் போன் போட்டார். "ஏப்பா, நாளைக்கு ஒரே ஒரு பம்புக்கு மட்டும் ஊத்து. தண்ணியில ஓட்டிப் பார்த்துட்டு மத்ததைப் பேசலாம்."

போனை வைத்ததும் மனசு ஒரு கணக்குப் போட்டது. கோவர்த்தனனின் அறுபது பம்பு. ஆறே மாசம். அவருடைய கடைவாயில் சிரிப்பு எட்டிப் பார்த்தது.

"கோவர்த்தனன் எப்ப ஊத்தறாருங்க?" என்று கேட்டார் டீச்சர்.

சிரிப்பு அப்படியே நின்றது.

"நாளைக்குத்தான்."

"அவருக்கு யாரு சொல்றது?"

"நான் சொன்னா வயித்தெரிச்சல்ல சொல்றான்ம்பான்."

"இல்லையாக்கும்?"

அவர் வெர்னியரைத் திறந்தார், மூடினார்.

"பேச்சு நின்னு ஒன்பது வருஷமாச்சுங்க. நம்பரைக்கூட அழிச்சுட்டேன்."

டீச்சர் தன் போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

பத்து எண்களையும் அவர் விரல் எங்கும் தயங்காமல் அழுத்தியது.